வளையத் தெரிந்த தூண்டில்கோல்

கோகனி மீனுக்கு எந்த ராடு, எந்த ரீல் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் மீனின் வாயைப் பற்றித்தான் பேச்செடுப்பேன். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும். அதையும் சொல்லலாம். ஆனால் அந்த வாயை அறியாமல் வாங்கிய கருவி, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், மீனைப் படகின் பக்கம்வரை கொண்டுவந்து கடைசியில் கைவிட்டுவிடும்.

நான் கோகனி பிடிக்கப் பழகியது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஒகனாகன் ஏரியில். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 135 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஆழமான ஏரி அது. கோகனி என்பது சாக்கை சால்மனின் ஏரிவாழ் வடிவம். சாக்கை கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். கோகனி கடலையே பார்க்காமல் ஏரியிலேயே வாழ்ந்து, பெரும்பாலும் மூன்று நான்கு வயதில் உடல் சிவந்து, முட்டையிட்டதும் இறந்துவிடும். ஒகனாகனில் ஒரு கூட்டம் ஓடைகளில் ஏறி முட்டையிடுகிறது, இன்னொரு கூட்டம் ஏரிக்கரைக் கற்களுக்கிடையிலேயே முட்டையிடுகிறது. கெலோனா நகருக்குள் ஓடும் மிஷன் ஓடையில் செப்டம்பரில் சிவப்பு மீன்கள் ஏறுவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம்.

பெரும்பாலான ஏரிகளில் கோகனி ஒரு முழ நீளத்தைத் தாண்டாது. 2010-ஆம் ஆண்டு ஒரிகன் மாநிலத்தின் வாலோவா ஏரியில் 9.67 பவுண்டு மீன் ஒன்று பிடிபட்டு உலக சாதனையானது. அது அபூர்வம். நம் தூண்டிலில் வருவது ஒரு பவுண்டு, ஒன்றரைப் பவுண்டு மீன்தான். ஆகவே இதற்குக் கருவி எதுவானாலும் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கோகனி வேட்டையாடும் மீன் அல்ல. நீரில் மிதக்கும் டாஃப்னியா போன்ற நுண்ணிய உயிரிகளைத் தின்று வாழ்வது. அதற்காகவே செவுள் வளைவுகளில் நீண்ட முட்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இரையைக் கவ்வி நசுக்கத் தேவையில்லாததால் தாடை வலுப்பெறவில்லை. வாயோரத்துச் சவ்வு ஊறிய அப்பளம் போல அவ்வளவு மெல்லியது. தூண்டில் முள் அதில் எளிதாகத் தைக்கும், அதைவிட எளிதாகக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இதோடு அதன் குணமும் சேர்ந்துகொள்கிறது. மாட்டியதும் கோகனி ஒரே திசையில் ஓடாது. உருளும், தலையை உதறும், குதிக்கும், திடீரென்று படகை நோக்கியே பாய்ந்து நரம்பைத் தொய்ய விடும். இழுத்தாலும் போய்விடும், தொய்ய விட்டாலும் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதுதான் கோகனி ராடின் வேலை, ரீலின் வேலை, எல்லாம்.

பிடிக்கும் முறையையும் சொன்னால்தான் ராடைப் பற்றிச் சொல்வது விளங்கும். கோகனி 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள நீரை விரும்பும். கோடையில் மேல்நீர் சூடேற ஏற, மீன்கூட்டம் 40, 60, 80 அடி என்று கீழே இறங்கும். ஆகவே படகை மணிக்கு ஒன்று முதல் இரண்டு மைல் வேகத்தில் மெல்ல ஓட்டி, இரையை அந்த ஆழத்தில் இழுத்துக்கொண்டு போகிறோம். இதுதான் ட்ரோலிங். ஆழத்துக்குக் கொண்டுபோவது டவுன்ரிக்கர். கம்பியில் தொங்கும் ஈயக்குண்டு. அதன் அருகே ஒரு கிளிப். கிளிப்பில் நம் நரம்பு. நரம்பின் முனையில் டாட்ஜர் என்ற பளபளக்கும் தகடு, அதன் பின்னால் ஓரடிக்குச் சற்று முன்பின்னாகச் சிறிய செயற்கை இரை, முள்ளில் ஒன்றிரண்டு வெள்ளைச் சோளமணி.

நரம்பைக் கிளிப்பில் மாட்டிக் குண்டை இறக்கிய பிறகு, ராடை அதன் தாங்கியில் நிறுத்தி, ரீலைச் சுற்றிக்கொண்டே போனால் கோல் வளையும். நுனி ஏறக்குறைய நீரை நோக்கிக் குனியும்வரை வளைப்போம். பிறகு கண் அந்த நுனியை விட்டு நகராது. டாட்ஜர் ஒழுங்காக ஆடினால் நுனி ஒரே தாளத்தில் துடிக்கும். தாளம் மந்தமானால் பாசி சிக்கியிருக்கும். தாளம் குழம்பினால் கிளிப்பை விடுவிக்க முடியாத அளவு சின்ன மீன் மாட்டியிருக்கும். நல்ல மீன் அடிக்கும்போது நுனி இரண்டு முறை வெட்டிக் கீழே போகும். கிளிப் விடும், வளைந்திருந்த கோல் விடுபட்டு நிமிரும். கிளிப் விட்ட நொடியில் ஈயக்குண்டுக்கும் மீனுக்கும் இடையே விழும் தொய்வு முழுவதையும் அந்த நிமிர்வே எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் ராடைக் கையில் எடுக்கும் முன்பே மீன் தங்குமா, போகுமா என்பது முடிவாகிவிடுகிறது.

அதனால் எனக்குக் கோல் 7½ அடியிலிருந்து 8½ அடிக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் நிமிரும்போது எடுத்துக்கொள்ளும் தொய்வு போதாது. ஒன்பது அடியைத் தாண்டினால் தனியாகப் போகிறவர் ஒரு கையில் ராடையும் மறு கையில் வலையையும் பிடித்து மீனை அள்ளுவது கடினம்.

நீளத்தைவிட முக்கியம் வளைவு. ராடின் மேல் எழுதியிருப்பதில் பவர் வேறு, ஆக்‌ஷன் வேறு. வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். கோகனிக்கு லைட் பவரும் மாடரேட் அல்லது ஸ்லோ ஆக்‌ஷனும் வேண்டும். நுனியில் மட்டும் மடங்கி, இடுப்பில் விறைத்து நிற்கும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடு வேறு மீன்களுக்கு அருமையான கருவி. கோகனி தலையை உதறும்போது அந்த விறைப்பான இடுப்பில் மோதுவது மீனின் வாய்தான்.

இங்கே கண்ணாடியிழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைகளில் கிராஃபைட் ராடுக்குத்தான் மதிப்பு. எடை குறைவு, மெல்லிய தொடுதலையும் கைக்குச் சொல்லும், விலையும் கூட. கண்ணாடியிழை கனமானது, மெதுவானது, பழைய காலத்துப் பொருள் என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் ட்ரோலிங்கில் ராடு பெரும்பாலும் தாங்கியில்தான் நிற்கிறது. எடை நம் கையை வருத்தாது. மீன் தொட்டதைச் சொல்வது கையல்ல, கண். கிராஃபைட்டின் இரண்டு பெருமைகளும் இங்கே பயன்படாமல் போகின்றன. கண்ணாடியிழையின் மெதுவான குணம், அடிமுதல் நுனிவரை ஒரே சீராக வளைந்து சீராக நிமிரும் குணம், அதுவே நமக்கு வேண்டியது. இரண்டும் கலந்த ராடுகளும் நன்றாகவே இருக்கின்றன. முழு கிராஃபைட் என்றால், மென்மையாகவே செய்யப்பட்டதா என்று வளைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

மென்மைக்கும் எல்லை உண்டு. அல்ட்ராலைட் ராடில் ஐந்தரை அங்குல டாட்ஜரைக் கட்டினால், அந்தத் தகட்டின் இழுப்பே கோலின் வளைவு முழுவதையும் தின்றுவிடும். மீன் அடிக்கும்போது வளைய இடமே மிஞ்சாது. அத்தகைய ராடுக்கு நாலு அங்குலத் தகடு போதும், அல்லது தகடே இல்லாத சின்ன ஸ்பின்னர். பெரிய தகடு பிடித்தவர் ஒரு படி மேலே, மீடியம் லைட் பக்கம் போகலாம்.

கடையில் ராடை எடுத்துக் காற்றில் வீசிப் பார்ப்பவர்களைப் பார்க்கிறேன். அது வீச்சு ராடைச் சோதிக்கும் முறை. நான் வளையங்கள் வழியே நரம்பைக் கோத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, கோலைக் கிடைமட்டத்திலிருந்து மெல்ல உயர்த்திப் பார்ப்பேன். வளைவு நுனியில் தொடங்கி நடுவைக் கடந்து கைப்பிடியை நோக்கி இறங்கி வர வேண்டும். எந்த இடத்திலும் முறிந்தது போன்ற கோணம் தெரியக் கூடாது. நரம்பு வளையத்துக்கு வளையம் தாவும்போது கோலின் உடம்பைத் தொட்டால் வளையங்கள் போதவில்லை என்று பொருள். செங்குத்தாகத் தூக்கி நுனியைப் பின்னால் மடிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் நல்ல கிராஃபைட்டும் ஒடியும். கைப்பிடியின் பின்பகுதி தாங்கிக் குழலுக்குள் முழுதாக இறங்கி உறுதியாக நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குட்டைக் கைப்பிடி குழலுக்குள் சுழலும். அவசரத்தில் உருவி எடுக்கவும் வராது.

ரீலுக்கு வருவோம். விளம்பரங்கள் பால்பேரிங் எண்ணிக்கையையும், மீன் இழுக்கும்போது நரம்பை வழுக்கவிடும் டிராக் என்ற பிரேக்கின் அதிகபட்ச அழுத்தத்தையும் பேசும். 15 பவுண்டு டிராக் கோகனிக்கு எந்தப் பயனும் தராது. நான் பார்ப்பது மறு முனையை: மிகக் குறைந்த அழுத்தத்தில் டிராக் எப்படி அசையத் தொடங்குகிறது? பல ரீல்கள் ஓடத் தொடங்கிய பிறகு வழவழவென்று ஓடும். ஆனால் அசையாமல் நின்ற நிலையிலிருந்து கிளம்ப ஒரு சின்ன வெட்டு கேட்கும். அந்த ஒரு வெட்டு போதும், வாய் கிழிந்துவிடும். டிராகை ஒரு பவுண்டு அளவுக்குத் தளர்த்தி, நரம்பை விரலால் மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தயக்கமின்றிக் கிளம்பினால் அதுதான் உங்கள் ரீல். வீடு திரும்பியதும் டிராகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அழுந்தி அந்த வழவழப்பு போய்விடும்.

ட்ரோலிங்குக்குக் கோலின் மேலே பொருத்தும், நரம்பு சுற்றிய உருளையே (ஸ்பூல்) சுழலும் சிறிய ரீலே என் தேர்வு. ஸ்பின்னிங் ரீலில் டிராக் வழுக்கும்போது கைப்பிடியையும் சுற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பு முறுக்கேறும். கோகனியோ உருண்டுகொண்டே வரும் மீன். கியர் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்ற சுற்றில் இருந்தால் நல்லது. ஏழுக்கு ஒன்று என்று வேகமாகச் சுற்றும் ரீல், உற்சாகத்தில் மீனை நீர்மட்டத்தில் சறுக்கவைத்து இழுத்துவந்துவிடும்.

வெளியே போன நரம்பின் நீளத்தைக் காட்டும் லைன் கவுண்ட்டர் உள்ள ரீல்களை ஒகுமா, டைவா போன்ற நிறுவனங்கள் சிறிய அளவிலும் செய்கின்றன. மீன் அடித்த அதே தூரத்தில் இரையை மறுபடி வைக்க அது உதவும். அது நரம்பை நேரடியாக அளப்பதில்லை, ஸ்பூலின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. ஸ்பூல் நிறைய நரம்பு இருந்தால் ஒரு சுற்றுக்கு நீளம் அதிகம். குறையக் குறைய நீளமும் குறையும். ஆகவே ஸ்பூலைச் சொன்ன அளவுக்கு நிரப்பி, படகுத்துறையில் 50 அடி அளந்து எண்ணைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். டவுன்ரிக்கர் இல்லாதவர்கள் லெட்கோர் போடலாம். அது உள்ளே ஈயக்கம்பி வைத்துப் பின்னிய நரம்பு. பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். வேகத்தைப் பொறுத்து நிறம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்தடி இறங்கும். நிறங்களை எண்ணினாலே போதும், கவுண்ட்டர் வேண்டாம். ஆனால் தடிமனான நரம்பு என்பதால் ரீல் பெரிதாக வேண்டும்.

ராடு, டிராக், நரம்பு மூன்றையும் தனித்தனியாக வாங்கினாலும் மூன்றும் சேர்ந்து ஒரே மெத்தை. 8 அல்லது 10 பவுண்டு மோனோ நரம்பு, அதாவது ஒற்றை இழை நரம்பு, நன்றாக நீளும். அந்த நீட்சி மீனின் வாய்க்குப் பாதுகாப்பு. பின்னல் நரம்பு நீளவே நீளாது, கிளிப்பிலிருந்தும் வழுக்கும். அதையே விரும்புகிறவர் ராடை இன்னும் மென்மையாக்க வேண்டும், அல்லது இரைக்கு முன்னால் ஸ்னப்பர் என்ற ரப்பர் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒன்றில் விறைப்பைக் கூட்டினால் மற்றொன்றில் தளர்வைக் கூட்டியாக வேண்டும். இலையுதிர் காலத்தில் கூட்டமாக நிற்கும் மீன்களுக்கு மேலே படகை நிறுத்தி, இரையை மேலும் கீழும் ஆட்டி ஜிக்கிங் செய்யும்போது மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே ராடு கையிலேயே இருக்கிறது, தொடுதலைக் கைதான் உணர வேண்டும். குட்டையான, விறைப்பான கிராஃபைட்டும் பின்னல் நரம்பும் ஸ்பின்னிங் ரீலும் அங்கே சரி.

இவ்வளவு நுணுக்கமும் ஒரு பவுண்டு மீனுக்காகவா என்று கேட்கலாம். இந்த மீனின் வாழ்வே மெல்லிய இழையில் நிற்கிறது. மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் ஏரிக்கு 1980-களின் தொடக்கத்தில் மைசிஸ் என்ற சிற்றிறால் வந்து சேர்ந்தது. கோகனியின் உணவை அது தின்று தீர்க்க, சில ஆண்டுகளுக்குள் அங்கே கோகனி ஏறக்குறைய இல்லாமல் போனது; மீனை நம்பி ஓடைக்கரையில் கூடிய கழுகுகளும் போயின. அதே சிற்றிறாலை, மீனுக்கு உணவாகும் என்று எண்ணி, 1966-இல் எங்கள் ஒகனாகனிலும் விட்டார்கள். எங்கள் மாகாணத்தின் கூட்டெனே ஏரியில் 2010-களின் நடுவில் கோகனி சரிந்தபோது, அதைத் தின்று வளரும் பெரிய டிரவுட் மீன்களும் நலிந்தன. வாய் கிழிந்து தப்பும் மீன் யாருடைய கணக்கிலும் வராது, ஏரியின் கணக்கிலிருந்து மட்டும் குறையக்கூடும். எடுப்பதை ஒழுங்காக எடுத்து, அளவு முடிந்ததும் நிறுத்துவதற்கு மென்மையான கருவி உதவுகிறது. அதனாலேயே இதில் இத்தனை அக்கறை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். பணத்தை முதலில் ராடில் போடுங்கள். அது அடிவரை வளையட்டும். ரீலில் டிராக் கிளம்பும் விதத்தை மட்டும் பாருங்கள்; மற்ற பெருமைகளுக்கு விலை கொடுக்காதீர்கள். மோனோ நரம்பை ஆண்டுதோறும் மாற்றுங்கள், முள்ளின் கூர்மையை ஒவ்வொரு முறையும் நகத்தில் வைத்துப் பாருங்கள். மீன் படகருகே வந்ததும் அதன் தலையை நீருக்கு மேலே தூக்காமல், வலையை முன்கூட்டியே நீருக்குள் இறக்கி, அதற்குள் மீனை வழிநடத்துங்கள். விலையுயர்ந்த விறைப்பான ராடு வைத்திருப்பவரைவிட, சாதாரணக் கண்ணாடியிழைக் கோலைச் சரியாக அமைத்துக்கொண்டவர் அதிகக் கோகனி வீட்டுக்குக் கொண்டுபோவார்.