துப்பாக்கி, கொள்கை, கொஞ்சம் அக்கவுண்டன்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்வது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை என்று சொல்லும் கோஷ்டியில் நான் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பைக் இன்னொரு பைக்கை லேசாக உரசிவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். அந்த இருவர் இடுப்பிலும் ஆளுக்கொரு ரிவால்வர் இருந்தால் நாடு சிறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் என் கிளாஸ்மேட் ஒருத்தன் கேட்ட கேள்வி ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது. "பேச்சு சுதந்திரம் முழுசா வேணும்ங்கிற. குண்டாஸ் சட்டம் கூடவே கூடாதுங்கிற. துப்பாக்கின்னா மட்டும் கவர்மெண்ட் பாத்து முடிவு பண்ணட்டும்ங்கிற. ஏதாவது ஒரு பக்கம் நில்லேன்டா!"

நியாயமான கேள்விதான். அரசாங்கத்தை நம்பாதவன் எல்லா விஷயத்திலும் நம்பக்கூடாது அல்லவா? இதற்குப் பதில் தேடிப் படித்ததில் கிடைத்த சமாச்சாரங்கள்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை நம்ம ஊரிலேயே ஆரம்பிக்கிறது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இந்தியன் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மக்கீஸ் கார்டனில் நடந்தது. தலைவர் பத்ருதீன் தயாப்ஜி. அந்த மாநாட்டில் ஆயுதச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் பிபின் சந்திர பால். சட்டத்தை மாற்றச் சொல்லித் தீர்மானமும் போட்டார்கள். பிறகு 1928-ல் மோதிலால் நேரு அறிக்கை வந்தது. அதன் அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும் அது இருக்கிறது. அமெரிக்காக்காரன் சமாச்சாரம் என்று நாம் நினைப்பதை, அகிம்சை பேசிய கட்சியே கேட்டிருக்கிறது!

சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் எழுந்து, அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேருங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். நாம்தானே கராச்சியில் கேட்டோம் என்பது அவர் வாதம். அம்பேத்கர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று கேட்ட சூழ்நிலை வேறு, இன்று வேறு. எல்லோருக்கும் அடிப்படை உரிமை என்று எழுதிவிட்டால் கிரிமினலும் அதே உரிமையைக் கேட்பான், அப்புறம் எந்த அரசும் நிர்வாகம் நடத்த முடியாது என்பது அவர் பதிலின் சாரம். திருத்தம் தோற்றது. இன்றைய 19-வது பிரிவைப் பாருங்கள். கூட்டம் கூடும் உரிமை இருக்கிறது, ஆனால் அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும்.

அப்படியானால் காங்கிரஸ் அடித்தது அந்தர் பல்டியா?

இங்கேதான் எனக்கு என் பாடம் கைகொடுத்தது (பி.காம். படித்து முதல் பிரயோஜனம்!). அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு ஒன்றில் மூன்று அடிப்படை அனுமானங்கள் வரும். அதில் ஒன்று கன்சிஸ்டன்சி, அதாவது ஒரே சீரான முறை. சரக்கை இந்த வருஷம் ஃபிஃபோ முறையில் மதிப்பிட்டால் அடுத்த வருஷமும் அப்படியே செய்யவேண்டும். மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். ஆனால் மாற்றினேன், இதனால் மாற்றினேன், லாபத்தில் இவ்வளவு வித்தியாசம் வந்தது என்று குறிப்பில் எழுதவேண்டும். லாபம் குறைந்த வருஷம் பார்த்து சத்தமில்லாமல் முறையை மாற்றுகிறவனுக்கு ஊரில் வேறு பெயர் உண்டு.

இந்த அளவுகோலில் பார்த்தால் அம்பேத்கர் பாஸ். சபையில் எழுந்து நின்று, காரணம் சொல்லி, மறுத்தார். தவிர, பழைய கோரிக்கையில் முக்கியமான குறையே வெள்ளையனுக்கு ஒரு நியாயம், கறுப்பனுக்கு ஒரு நியாயம் என்பதுதான். எல்லோருக்கும் ஒரே லைசென்ஸ் என்றால் அந்தக் குறை தீர்கிறது.

ஆனால் நிஜமாகவே எல்லோருக்கும் ஒரே லைசென்ஸா? குடகுக்குப் போங்கள். கொடவ இனத்தவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு இன்னும் தொடர்கிறது. அவர்கள் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. அவர்கள் பண்பாட்டில் துப்பாக்கிக்குப் பூஜையே உண்டு, சரி. நம்ம பக்கத்து நரிக்குறவர்களுக்கும் வேட்டைதான் பரம்பரைத் தொழில், நாட்டுத் துப்பாக்கிதான் கைக்கருவி. அவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டையும் போயிற்று. ஒருவர் தோளில் இருந்தால் பாரம்பரியம், இன்னொருவர் தோளில் இருந்தால் சந்தேகக் கேஸ். இந்த வித்தியாசத்துக்கு எந்தக் குறிப்பிலும் காரணம் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இது நம்ம வியாதி மட்டுமில்லை. 1967-ல் கலிபோர்னியாவில் பிளாக் பேந்தர் கட்சியினர், போலீஸ் கறுப்பர்களை அடிப்பதைக் கண்காணிக்க, சட்டப்படி துப்பாக்கியோடு தெருவில் நின்றார்கள். மே மாதம் சட்டசபைக் கட்டிடத்துக்குள்ளேயே போனார்கள். உடனே, குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் தூக்கி நடக்கத் தடை போட்டு மல்ஃபோர்டு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்டு ரீகன், பிற்காலத்தில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளை. (அதே 1967 ஜனவரியில்தான் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்துக் கட்டோடு இருந்த போஸ்டரிலேயே நம்ம பக்கத்துப் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். சும்மா ஒரு தகவல்.)

இப்போது என் வீட்டுக் கதை. என் பெரியப்பா ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அதன்பின் ஒரு வங்கியில் கன்மேன் வேலை. துப்பாக்கி அவருடைய சொந்த டபுள் பேரல். லைசென்ஸ் அவர் பெயரில், ரினியூவல் அலைச்சலும் அவர் தலையில். தேர்தல் அறிவிப்பு வந்தால் போதும், ஸ்டேஷனில் இருந்து கூப்பிடுவார்கள்: துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படை. வங்கியில் கடிதம் வாங்கிக் கொடுத்தால் விலக்கு உண்டு. ஆனால் ஒரு தேர்தலில் அந்தக் கடிதம் மேஜை மேஜையாக நகர்ந்து முடிவதற்குள் ஓட்டே எண்ணிவிட்டார்கள். அதுவரை அவர் வங்கி வாசலில் லத்தியோடு நின்றார். துப்பாக்கி இல்லாத நாட்களுக்குக் கன்மேன் சம்பளம் கிடையாது, சாதா வாட்ச்மேன் சம்பளம்தான். அக்கா காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய மாதம் அது.

"நாட்டுக்காக ரைஃபிள் தூக்கினேன்டா. எலெக்ஷன் வந்தா மொத சந்தேகம் என் மேலதான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த விதியே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஜாமீனில் இருப்பவன், கிரிமினல் வரலாறு உள்ளவன், முன்பு கலவரத்தில் சம்பந்தப்பட்டவன் ஆகியோரின் லைசென்ஸைக் கமிட்டி வைத்துப் பரிசீலித்து முடிவெடுக்கச் சொல்கின்றன தேர்தல் ஆணைய வழிமுறைகள். இது நல்ல ஏற்பாடு. ஆள் ஆளாகப் பார்த்துக் காரணம் சொல்லவேண்டிய இடத்தில், மொத்தமாக எல்லோரையும் வரச்சொல்வது சுலபம் என்று அதிகாரிகள் நினைக்கும்போதுதான் என் பெரியப்பா மாதிரி ஆட்கள் அடிபடுகிறார்கள். இதையே யாரோ ஒரு பணக்கார எஸ்டேட் முதலாளிக்குச் செய்திருந்தாலும் நான் இதைத்தான் சொல்லவேண்டும். சொல்கிறேன்.

சரி, நண்பன் கேள்விக்கு வருவோம். பேச்சுக்கு ஒரு நியாயம், துப்பாக்கிக்கு ஒரு நியாயமா?

இல்லை. இரண்டுக்கும் ஒரே விதிதான் வைத்திருக்கிறேன். திருப்பிச் சரிசெய்ய முடியாத சேதத்தை உண்டாக்கும் சக்தி யார் கையில் இருந்தாலும், அவர் முன்கூட்டியே இன்னொருவரிடம் காரணம் காட்டவேண்டும். தப்பான பேச்சுக்குப் பதில் பேச்சு பேசலாம். புறப்பட்ட தோட்டாவுக்குப் பதில் சொல்லிச் செத்தவனை எழுப்ப முடியாது. அதனால் துப்பாக்கிக்கு லைசென்ஸ். அதே மாதிரி, விசாரணையே இல்லாமல் ஒருவனை உள்ளே வைத்தால் அந்த மாதங்களை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரமுடியாது. அதனால் அரசாங்கமும் அடைக்கும் முன் நீதிபதியிடம் காரணம் காட்டி 'லைசென்ஸ்' வாங்கட்டும். தடுப்புக்காவல் சட்டங்களை நான் எதிர்ப்பது இதனால்தான்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுக்க யாரும் வெளியில் இருந்து வரவேண்டியதில்லை. 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பொடா சட்டம் 425-க்கு 296 என்று நிறைவேறியது. அன்றைய ஆளும் கூட்டணியில் இருந்த ம.தி.மு.க. ஆதரித்தது. ஜூன் 29-ல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று வைகோவை ஜூலை 11-ல் அதே பொடாவில் கைது செய்தது ஜெயலலிதா அரசு. பேச்சுக்காக 19 மாதம் சிறை! வெறும் வார்த்தையால் ஆதரவு சொல்வது மட்டுமே குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் சொன்னது. ஆனால் சட்டம் செல்லும் என்றும் சொன்னது. 2004-ல் பொடா ரத்தானது, அதன் பல பிரிவுகள் அதே வருஷம் யு.ஏ.பி.ஏ. சட்டத்துக்குள் குடியேறின. ஓட்டுப் போடும்போது இந்தச் சட்டம் டெல்லியின் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். போயஸ் தோட்டத்தின் கைக்கும் வரும் என்று யோசித்திருந்தால்?

குண்டாஸ் இன்னும் நல்ல உதாரணம். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் பிடிக்க என்று வந்தது. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். 2017-ல் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போன திருமுருகன் காந்தி மீது அ.தி.மு.க. அரசு அதைப் போட்டது. உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. 2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது தி.மு.க. அரசு போட்டது. உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் ரத்து செய்தது. இரண்டு பேரின் அரசியலும் எனக்கு ஒத்துவராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் என்ன? 2017-ல் 'அடக்குமுறை' என்று ஸ்டேட்டஸ் போட்ட என் சொந்தக்கார அண்ணன் ஒருவர் 2024-ல் 'சரியான ஆளுக்குத்தான் போட்டிருக்காங்க' என்று போட்டார். 2017-ல் 'தேசவிரோதிக்கு இதுதான் மருந்து' என்ற இன்னொருவர் 2024-ல் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். இருவரும் ஃபிஃபோவை மாற்றினார்கள், இருவரும் குறிப்பு எழுதவில்லை.

எனவே நண்பா, உனக்கு என் பதில் இதுதான். துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்பேன், கேட்கும்போது கொடவருக்கும் நரிக்குறவருக்கும் ஒரே விதி கேட்பேன், என் பெரியப்பாவிடம் இருந்து வாங்கினால் காரணம் கேட்பேன். குண்டாஸ் எனக்குப் பிடிக்காதவர் மேல் விழுந்தாலும் எதிர்ப்பேன். நாளைக்கு என் எண்ணம் மாறலாம். மாறினால் ஏன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு மாறுகிறேன்.

உனக்கும் ஒரு ஹோம்வொர்க். உனக்குப் பிடித்த ஒரு கடுமையான சட்டத்தின் பெயரை ஒரு பேப்பரில் எழுது. அதற்குக் கீழே, எந்தத் தலைவர் முதலமைச்சராகவே கூடாது என்று நினைக்கிறாயோ அவர் பெயரை எழுது. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார். அப்புறமும் அந்தச் சட்டம் வேண்டும் என்று சொன்னால், உட்கார்ந்து பேசலாம். டீ என் செலவு.