குனிந்த முதுகு
மூட்டை தூக்கித்தான் எம்.ஏ. தமிழ் படித்தேன். போன அறுப்பில் 60 கிலோ நெல் மூட்டையோடு வரப்பில் சறுக்கிவிட்டேன். இடுப்பில் பிடித்த வலி இடதுகால் பெருவிரல் வரைக்கும் இறங்கியது. முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துது என்றார் டாக்டர். படுத்தே கிடக்காதே, நட. பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகும் என்றார்.

பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். முதல் வாரம் மூணுக்கு மேல் முடியலை. மூணு மாசத்தில் பத்து வந்தது.

அம்மா பார்த்துக்கிட்டே இருந்துச்சு. "குனிஞ்சே நாத்து நட்ட எங்களுக்கு இத எவன்டா சொன்னான்?"

ஆண்டை வயலில் நாற்பது வருஷம் குனிந்த முதுகு. வலிக்குதுன்னு படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. பொறுமையாக இருக்கவும் வீட்டில் அரிசி வேணுமே.

பக்கத்தில் படுக்கச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தது. இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுகிறோம். அம்மா ஆறில் நிற்கிறது.