மேடையில் யார் வீடு?

மும்பை வடாலாவில் ஒரு சாலில் (பல குடும்பங்கள் பொதுக் கழிப்பறையோடு வாழும் குடியிருப்பு) வளர்ந்த ஒரு நாடக செட் போடுபவருக்கு, நாடகப் பிரதி கைக்கு வந்ததும் முதல் கேள்வி இதுதான்: இந்த வீட்டில் கக்கூஸ் எங்கே?

லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதி 1959-இல் பிராட்வேயில் ஏறிய ‘எ ரைசின் இன் தி சன்’ தொடக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகிறது. சிகாகோவில் ஐந்து பேர் கொண்ட கறுப்பினக் குடும்பம். ஒரே ஜன்னல். பையனுக்குக் கூடத்து சோபாதான் படுக்கை. பாத்ரூம் வெளியே, அண்டை வீட்டாரோடு பொது. காலையில் யார் முந்துவது என்பதே அன்றைய முதல் சண்டை. வடாலாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாத்ரூம் மேடையில் தெரியாது. ஆனால் நடிகர்களின் காது அந்தக் கதவின் மேலேயே இருக்க வேண்டும். கார்ப்பெட்டின் தேய்ந்த இடத்தை மறைக்க நாற்காலியை நகர்த்திப் போட்டிருப்பதாக ஹான்ஸ்பெரியே குறிப்பு எழுதியிருக்கிறார். கடையில் புத்தம்புது சாமான் வாடகைக்கு எடுத்தால் நாடகம் அங்கேயே படுத்துவிடும்.

இந்த நெருக்கடியான வீட்டுக்குள்தான் வெள்ளையர் பேட்டையின் பிரதிநிதியாக லிண்ட்னர் வருகிறார். அந்தப் பேட்டையில் இவர்கள் வாங்கிய வீட்டைக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று பவ்யமாகப் பேசுகிறார். ஹான்ஸ்பெரியின் அப்பாவும் இப்படியொரு வீட்டுக்காக வழக்காடியவர். 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது அது. மேடையில் சங்கடத்தோடு உட்கார வேண்டியவர் லிண்ட்னர்தான். வீடு இவர்களுடையது.

விஜய் டெண்டுல்கரின் ‘கன்யாதான்’ (1983) நேர் எதிர். கூடம் சோஷலிஸ்ட் அரசியல்வாதி நாத் தேவளாலிகருடையது. மகள் ஜோதி மணக்க விரும்பும் தலித் கவிஞன் அருண் அங்கே விருந்தாளி. அவன் அப்பாவின் குடிசை வசனத்தில் மட்டும் வருகிறது. ஒரு காட்சியிலும் அதைக் கட்டச் சொல்லவில்லை டெண்டுல்கர். ஜோதி மீதான அருணின் வன்முறையை நாம் பார்ப்பதெல்லாம் இன்னொருவர் வீட்டு வெளிச்சத்தில். இந்த நாடகத்துக்குத் தலித் தரப்பிலிருந்து எழுந்த எதிர்ப்புக்கு ஒரு காரணம் செட்டிலேயே இருப்பதாக வடாலாக்காரர் நினைக்கிறார். (அவருடைய மராத்தி நண்பர்கள் இதை ஒப்புவதில்லை.)

மாதுங்கா யஷ்வந்த் நாட்டிய மந்திர் மாதிரி மேடையில் இதைப் போட்டால், அருணின் நாற்காலியை வாசலை ஒட்டித்தான் வைப்பார். நடுவில் போட்டால் பார்வைக்கு நன்றாயிருக்கும் என்று எந்த இயக்குநரும் சொல்லத்தான் செய்வார். ஆனால் நடுவில் உட்கார்ந்த நொடியில் அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுவான். நாத் சம்மதிப்பதற்கு அப்புறம் என்ன மிச்சம்?