பத்து நிமிசத்திலை, பத்து நிமிசமா

யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரு பட்டியலை அடிக்கடி காணலாம். இடப்பக்கம் புட் ஓஃப், கரி ஓன், கிவ் அப், ஹான்ட் இன். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தமிழ்ச் சொல். சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்கப் பட்டியல் நீளும். பிள்ளைகள் அதைப் பாடமாக்கியும் விடுவார்கள். ஆனால், அதே வினையை ஒரு நேரத்தோடு சேர்த்து எழுதச் சொன்னால் பேனை நின்றுவிடும். புட் ஓஃப் என்றால் ஒத்திவைப்பது என்று தெரியும். அதற்குப் பிறகு ‘அன்ரில் மன்டே’ வருமா, ‘பை மன்டே’ வருமா என்று தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு வேண்டிய அறிவு அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் ஆங்கிலம் படிப்பிக்கும் எனது உறுதியான எண்ணம். அது வீட்டிலும் ஒழுங்கையிலும் அந்தப் பிள்ளை பேசுகிற தமிழில் இருக்கிறது. பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கும் பழக்கத்தால் அந்த அறிவு வகுப்புக்குள் வராமலே போய்விடுகிறது.

ஒரு பின்னேர வகுப்பில் ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்.

“சேர், ட்ரிங்க் எண்டாலும் குடிக்கிறது, ட்ரிங்க் அப் எண்டாலும் குடிக்கிறது. பிறகு அந்த அப் என்னத்துக்கு?”

“தம்பி பாலைக் குடிச்சு முடிச்சிட்டான். எவ்வளவு நேரத்திலை எண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

“பத்து நிமிசத்திலை குடிச்சு முடிச்சிட்டான்.”

“சரி, குடிச்சுக்கொண்டிருந்தவன் எண்டால்?”

“பத்து நிமிசமாக் குடிச்சுக்கொண்டிருந்தவன்.”

“பத்து நிமிசமாக் குடிச்சு முடிச்சிட்டான் எண்டு சொல்லுவியளோ, பிள்ளை?”

“இல்லை சேர், அப்பிடி ஒருத்தரும் சொல்லாயினம்.”

அப்படிச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு யாரும் படிப்பித்ததில்லை. ‘முடிச்சிட்டான்’ ஒரு செயலுக்கு எல்லை கட்டுகிறது. எல்லை உள்ள செயலை ‘பத்து நிமிசத்திலை’ என்றுதான் அளக்கலாம். ‘கொண்டிருந்தவன்’ எல்லையைத் திறந்துவிடுகிறது. அதற்கு ‘பத்து நிமிசமா’ பொருந்தும். ஆங்கிலத்தின் ட்ரிங்க் அப், ஈட் அப், யூஸ் அப் எல்லாம் முதல் வகை. அவற்றோடு ‘இன் டென் மினிட்ஸ்’ சேரும், ‘ஃபோர் டென் மினிட்ஸ்’ சேராது. கோ ஓன், கரி ஓன், கீப் ஓன் ஆகியவை இரண்டாம் வகை. அவற்றோடு ‘ஃபோர்’ சேரும். தொடர்ந்த நேரத்தைச் சொல்ல ‘இன்’ சேராது. மொழியியலில் இந்தச் சோதனைக்குப் பெரிய இடம் உண்டு. சீனோ வெண்ட்லர் என்ற மெய்யியலாளர் 1957இல் வினைகளையும் காலங்களையும் பற்றி எழுதிய கட்டுரையில், வினைகள் நேரத்தோடு சேரும் விதத்தைப் பார்த்து அவற்றை நான்கு வகையாகப் பிரித்தார். அந்தப் பிரிப்பின் அடிப்படை அந்த மாணவியின் காதில் ஏற்கெனவே இருந்தது.

தமிழில் இந்த வேலையைச் செய்பவை துணைவினைகள். விடு, போடு, கொண்டிரு, வை, இரு என்று ஒரு கூட்டமே உண்டு. இ. அண்ணாமலை 1985இல் இவற்றைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். எழுத்துத் தமிழில் இவை குறைவாகவும் பேச்சில் நிறையவும் வரும். ‘செய்துபோட்டன்’, ‘வந்திட்டுது’, ‘சொல்லி வைச்சனான்’ என்றெல்லாம் யாழ்ப்பாணப் பேச்சில் நாள் முழுக்கக் கேட்கலாம். செயல் முடிந்ததா, நீள்கிறதா, பின்னொரு நாளுக்காகச் செய்யப்பட்டதா என்பதையெல்லாம் இந்தச் சிறு சொற்களே சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அப், ஓன், ஓஃப், அவுட் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

பை, அன்ரில் குழப்பமும் இதே வழியில் தீரும். “வெள்ளிக்கிழமைக்குள்ளை குடுத்திடு” என்பதும் “வெள்ளிக்கிழமை மட்டும் பாத்துக்கொண்டிரு” என்பதும் எங்கள் வீடுகளில் வழங்கும் பேச்சு. ‘உள்ளை’ வருமிடத்தில் ‘விடு’ வருகிறது, அது பை. ‘வரை’ என்ற பொருளில் ‘மட்டும்’ வருமிடத்தில் ‘கொண்டிரு’ வருகிறது; அது அன்ரில். ஆகவே ஹான்ட் இன் செய்வது பை ஃப்ரைடே. ஹாங் ஓன் செய்வது அன்ரில் ஃப்ரைடே. புட் ஓஃப் அன்ரிலோடு போவதற்கும் காரணம் உண்டு: ஒத்திவைத்த வேலை அந்த நாள் மட்டும் அப்படியே கிடக்கிறது.

அப் வந்தால் முடிவு என்று சூத்திரம் செய்துவிடவும் கூடாது. வேக் அப் ஒரு கணத்தில் நடப்பது. “அஞ்சு மணிக்கு எழும்பினனான்” என்போம். ஸ்ரே அப் ஒரு நிலை. “சாமம் மட்டும் முழிச்சிருந்தனான்” என்போம். இரண்டிலும் அப் இருக்கிறது, நேரம் மாறிவிட்டது. அதனால்தான் வினையையும் அப், ஓன் போன்ற ஒட்டுச் சொல்லையும் நேரத்தையும் பிரிக்காமல் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்கிறேன். நேரத்தை எங்கே வைப்பது என்பதற்கும் தமிழ் துணைக்கு வரும். ‘குடித்து’க்கும் ‘விட்டான்’ என்பதற்கும் நடுவே நேற்றை நுழைக்கமாட்டோம். புட்டுக்கும் ஓஃபுக்கும் நடுவே கூட்டம் என்ற செயப்படுபொருள் வரலாம், ‘யெஸ்ரடே’ வராது.

முன்னுக்கும் பின்னுக்கும் வரும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். ஐந்து மணி காட்டும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் புட் போர்வேர்ட் செய்தால் ஆறு. ஐந்து மணிக் கூட்டத்தை ஒரு மணித்தியாலம் பிரிங் போர்வேர்ட் செய்தால் நான்கு. புட் பாக் செய்தால் மணிக்கூடு நான்குக்குப் போகும், கூட்டம் ஆறுக்குப் போகும். யாழ்ப்பாணத் தமிழில் இது இடறாது. மணிக்கூட்டை முன்னுக்குத் ‘தள்ளுகிறோம்’. கூட்டத்தை முன்னுக்குக் ‘கொண்டுவருகிறோம்’. தள்ளுவது எங்களை விட்டு அப்பால், கொண்டுவருவது எங்களை நோக்கி. திசையை வினையே சொல்லிவிடுகிறது.

மணிக்கூட்டைத் தள்ளுவது எங்களுக்கு வெறும் இலக்கண உதாரணமும் அல்ல. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக 1996 மே மாதம் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு வந்தது. 1990இலிருந்து லக்சபான மின்சாரம் இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் அந்த மாற்றம் வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் போர் நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தபோது, முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணித்தியாலம் வித்தியாசம். மணி சொன்னவரிடம் “பழைய நேரமோ, புது நேரமோ?” என்று கேட்டுத் தெளிந்துகொண்ட தலைமுறை இது. நேரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்ற கேள்வி இந்த மண்ணில் வாழ்க்கையோடு ஒட்டியது.

மாணவரின் இத்தகைய சொந்த அறிவைக் கவனித்த ஒருவர், போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா. தம் மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்திருந்தவற்றை அவர் ஊன்றிப் பார்த்தார். 1999இல் வெளியான தம் நூலில் அவற்றை மாணவரின் சிந்தனைக்குச் சான்றாக வைத்தார். பாடநூலின் நடுவில் அந்நிய வாழ்க்கை அச்சாகியிருக்க, பிள்ளையின் சொந்த உலகம் ஓரத்தில் கிறுக்கலாகக் கிடந்தது. அந்த ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவருவதுதான் ஆசிரியரின் வேலை என்று நினைக்கிறேன்.

அதற்குப் புதுப் புத்தகமோ கருவியோ வேண்டியதில்லை. கொப்பியில் புட் ஓஃப் என்று மட்டும் எழுதவேண்டாம். புட் ஓஃப் அன்ரில் மன்டே என்று முழுதாக எழுதட்டும். அதற்கு நேரே அகராதிச் சொல்லுக்குப் பதில், “திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டாச்சு” என்று அம்மாவிடம் சொல்வது போலவே எழுதட்டும். இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். எங்கள் பேச்சு நுட்பமானது என்று பிள்ளைக்குத் தெரியவந்தால், இன்னொரு மொழியின் நுட்பத்தைக் கண்டு அது பயப்படாது. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவதற்காகத் தன் தமிழைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு இந்தக் குடாநாட்டின் ஒரு பிள்ளைக்கும் வரக்கூடாது.