பெருங்குடலுக்கு ஒரு எக்ஸ்ரே

சங்கரன்கோவில்காரர்களுக்கு வயிற்றில் கோளாறு என்றால் முதலில் பெட்டிக்கடை சோடா, அடுத்து கோமதி அம்மன் சன்னதி புற்று மண், கடைசியில்தான் டாக்டர். விசைத்தறியில் காலம் தள்ளிய அந்தப் பெரியவரும் இதே வரிசையில்தான் வந்தார். மலத்தில் ரத்தம் போவதை நாலு மாதமாக வீட்டில் சொல்லவில்லை. "மூலச்சூடு, சரியாப் போயிரும்" என்று தானே முடிவு கட்டிவிட்டார்.

இது நடந்தது 2005-ல். டாக்டர் பேரியம் எனிமா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி திருநெல்வேலிக்கு அனுப்பினார். எனிமா என்றதுமே பெரியவருக்கு வெட்கம். முதல் நாள் கஞ்சித்தண்ணி, இளநீர் மாதிரி தெளிவானதை மட்டும் குடித்து, பேதி மருந்து சாப்பிட வேண்டும் என்று சீட்டில் இருந்தது. இவரோ மத்தியானம் கீரையும் சோறும் சாப்பிட்டார், மருந்தில் பாதியைக் கொட்டிவிட்டார். விளைவு? முதல் படத்திலேயே குடலில் மலம் தெரிந்தது. மலமும் கட்டியும் படத்தில் ஒரே மாதிரி தெரியலாம். அதனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

இரண்டாவது தடவை ஒழுங்காக வந்தார். கவுனை மாட்டி, இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். வழவழப்பான களிம்பு தடவிய சின்னக் குழாயை ஆசனவாயில் வைத்து, வெள்ளைக் கரைசலை மெல்ல இறக்கினார்கள். பிறகு கொஞ்சம் காற்று. வயிறு உப்பி, உடனே கக்கூசுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. "அண்ணாச்சி, வாயால மெதுவா மூச்சு விடுங்க" என்றார் டெக்னீஷியன். அப்படிச் செய்ததும் பிடிப்பு தணிந்தது. புரளச் சொல்லி, மூச்சை அடக்கச் சொல்லி, படம் படமாக எடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

குடலை மட்டும் எடுத்தால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. பேரியம் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் குடலின் உட்சுவர் வெள்ளையாகப் பதிகிறது. பேரியம் சல்பேட் தண்ணீரில் கரையாது, அதனால் ரத்தத்தில் சேராது. பாரைட் என்ற கனமான கல்தான் இதற்கு மூலம். ஆந்திராவின் மங்கம்பேட்டையில் அதற்குப் பெரிய சுரங்கமே இருக்கிறது. புற்று மண்ணை நம்பியவருக்குக் கடைசியில் இன்னொரு மண்!

அதன்பின் இரண்டு மூன்று நாள் மலம் வெள்ளையாகப் போகும், பயப்பட வேண்டாம். நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரியம் இறுகி மலச்சிக்கல் வரும். கடும் வலியோ ரத்தமோ வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் பட்டினிக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெரியவரின் படத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு புடைப்பு தெரிந்தது. எக்ஸ்ரேயால் அதைக் காட்டத்தான் முடியும், எடுக்க முடியாது. கொலோனோஸ்கோப்பி செய்துதான் எடுத்தார்கள். புற்றாக மாறாத பாலிப். இன்று பெரும்பாலும் நேராக கொலோனோஸ்கோப்பிக்கே, அல்லது சி.டி. ஸ்கேனுக்கே அனுப்புகிறார்கள். பேரியம் எக்ஸ்ரே குறைந்துவிட்டது.

ஆனால் வெட்கம் குறையவில்லை. முக்கால் மணி நேரப் பரிசோதனைக்குக் கூசி நாலு மாதம் ரத்தத்தை மறைத்தார் அவர். எல்லோருக்கும் அது வெறும் பாலிப்பாக இருந்துவிடாது. ரத்தத்தைப் பார்த்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள்.