கூலி வராத ரோடு

அயர்லாந்து பஞ்சம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படித்திருப்போம். 1845-ல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் வந்தது, ஜனங்கள் செத்தார்கள், மிச்சப்பேர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவ்வளவுதான். நடுவில் நடந்த நிவாரண வேலைதான் வங்கிக்காரனான என்னை உறுத்துகிறது.

சும்மா சாப்பாடு போட்டால் சோம்பேறி ஆகிவிடுவான் என்பது லண்டன் கஜானாவின் கணக்கு. அங்கே எல்லாம் சார்லஸ் டிரெவெலியன்தான் (பின்னால் 1859-ல் நம் மெட்ராஸுக்கே கவர்னராக வந்தாரே, அதே ஆள்). ஆகவே கல் உடை, ரோடு போடு, கூலி வாங்கு. தனியார் யாருக்கும் லாபம் போய்விடக் கூடாதாம். அதனால் எங்கிருந்தோ கிளம்பி எங்கும் போய்ச் சேராத ரோடுகள் மலைச்சரிவில் முளைத்தன. 1847 மார்ச்சில் இந்த வேலைகளில் இருந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். பெண்களும் குழந்தைகளும் கல் உடைத்தார்கள். கூலி தினம் 8, 10 பென்ஸ். அதிலும் வேலையை அளந்து கூலி. பட்டினி கிடந்து தெம்பில்லாதவனுக்குக் கூலியும் குறைவு!

கூலி குறைவு என்பது ஒரு கொடுமை. அதுவும் கைக்கு வரவில்லை என்பது அதைவிடக் கொடுமை. பட்டுவாடா செய்ய குமாஸ்தாக்கள் போதவில்லை, சில்லறை வெள்ளிக்காசு கிடைக்கவில்லை. கவுண்டி கார்க்கில் காஹெரா என்ற ஊர்ப்பக்கம் டெனிஸ் மெக்கென்னடி என்ற தொழிலாளி 1846 அக்டோபர் 24 அன்று ரோட்டு வேலையிலேயே செத்துப்போனார். இரண்டு வாரக் கூலி பாக்கி. விசாரணையில் உட்கார்ந்த உள்ளூர் ஜூரி, பட்டினிச் சாவு, காரணம் பொதுப்பணி வாரியத்தின் படுமோசமான அலட்சியம் என்று எழுதிவிட்டது. அரசாங்கத்தின் பெயரை நேராகவே எழுதிய அந்த ஆட்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

ஒரு பில் இரண்டு வாரம் மேஜையில் கிடப்பது எங்கள் ஆபீஸ்களில் பெரிய விஷயமே இல்லை. வாங்குகிறவன் வீட்டில் அரிசி இருக்கும்வரை சரி.

பிறகு கஜானாவுக்கே செலவு தாங்கவில்லை. 1847 மார்ச் 20 முதல் ஐந்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கஞ்சித் தொட்டிகள் பல ஊர்களில் அப்போது திறக்கவே இல்லை. திறந்த பின், அந்தக் கோடையில், தினம் சுமார் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றினார்கள். முடிந்திருக்கிறது பாருங்கள்! ஆனால் சில மாதங்களில் அதையும் மூடினார்கள்.

1945-ல் அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையம் கிராமத்துப் பெரியவர்களிடம் பஞ்சக் கதைகளைக் கேட்டு எழுதி வைத்தது. கேட்டவர்கள் பஞ்சம் பார்த்தவர்கள் இல்லை, அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஆனாலும் இன்ன ரோடு, அதில் வேலை செய்தவர்கள் இன்ன வீட்டுக்காரர்கள் என்று சொல்ல முடிந்திருக்கிறது. கிளேர் பக்கம் பரன் பாறைக்காட்டில் அந்த ரோடுகள் சில இன்னும் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைப் பஞ்ச ரோடு என்றுதான் சொல்கிறார்கள்.