கப்பல்துறை வெயிலும் ஊறுகாய்ச் சாடியும்

திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதியால் போகும் பஸ்ஸில் ஏறிக் கப்பல்துறையில் இறங்கினால், பெயரில் உள்ள கப்பலுக்கு முன் வெயில்தான் நம்மை வரவேற்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை இங்கு வீசுவது கச்சான் காற்று. தென்மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி, ஈரமிழந்து வரும் காற்று அது. இங்கு பெருமழை மாரியில்தான்.

இந்தக் காற்றில் வேலை செய்யும் பெண்ணின் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போனதென்று அவளுக்கே தெரியாது. தலையிடியும் கால் பிடிப்பும் வந்த பிறகே தெரியவரும்.

ஆயுர்வேத வைத்தியசாலை உள்ள இந்த ஊரிலே கைவைத்தியத்திற்கும் மதிப்புண்டு. வெயில் களைப்புக்கு எமது பெண்கள் தேடுவது ஊறுகாய்ச் சாடியைத்தான். தேசிக்காயை அடி பிரியாமல் நான்காகக் கீறி, உப்பை அடைத்து, சாடியில் சில நாள் ஊறவைத்து, பின் சுளகில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். சிங்களச் சகோதரிகள் இதை 'லுணு தெஹி' என்பார்கள். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் வியர்வையோடு போன உப்பும் நீரும் திரும்பக் கிடைக்கும். வெயில் களைப்புக்கு இது நல்லதே.

ஆனால் வயிற்றோட்டத்திற்கு இது மட்டும் போதாது. குடல் உப்பையும் நீரையும் நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் கூடவே சீனிச்சத்து வேண்டும். இதை விஞ்ஞானிகள் 1960களில்தான் தெளிவாகக் கண்டார்கள். பழந்தண்ணியிலும் கஞ்சியிலும் ஊறுகாயைக் கரைத்துக் கொடுத்த எமது பாட்டிமார் அறியாமலே சரியானதைச் செய்தார்கள். சோற்றின் மாச்சத்து குடலில் சீனியாக மாறி உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துச் செல்கிறது.

இந்த உண்மையை உலகுக்கு நிரூபித்தது ஓர் அகதி முகாம். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்தவர்கள் மேற்கு வங்காளத்தின் பங்கானில் வாந்திபேதியால் மடிந்தார்கள். ஏற்றுவதற்குச் சேலைன் தீர்ந்தபோது, வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், அப்பச்சோடா கலந்த நீரை நோயாளரின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரையிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிய தாய்மாரும் சகோதரிகளுமே அங்கு தாதிகள். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த எமது சகோதரிகளுக்கு, கூடாரத்தில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் என்ன பயம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எனவே இவற்றை மனதில் வைத்திருங்கள்:

வயிற்றோட்டத்திற்கு முதலில் ஜீவனி. பக்கற்றில் எழுதிய அளவு கொதித்தாறிய நீரில் கரையுங்கள். மிஞ்சியதை மறுநாள் ஊற்றிவிடுங்கள். ஜீவனி கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் நீருக்குச் சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தட்டையாக. ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரைக் கோப்பை வரை கரண்டியால் பருக்குங்கள்.

குழந்தைக்கு ஊறுகாய்த் தண்ணீர் கொடுக்கவேண்டாம். அதில் உப்பு எவ்வளவென்று எவராலும் அளக்க முடியாது. கூடினால் உயிருக்கே ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ள பெரியவர்களும் ஊறுகாயைக் குறைக்கவேண்டும்.

கண் குழிவிழுந்தால், சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் மயங்கிப் பிதற்றுபவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, வாகனம் தேடுங்கள்.

ஊறுகாய்ச் சாடி அடுக்களையில் இருக்கட்டும். பக்கத்திலே இரண்டு ஜீவனிப் பக்கற்றும் இருக்கட்டும்.